வாயில்லாப் பரிக்கு வாய் யார்?

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்பது தமிழகத்துப் பழமொழி. இதில் வருவது குதிரையன்று, 'குதிர்' என்னும் சொல்லே. ஆற்றின் நடுவே தோன்றும் மணல்மேட்டைக் குறித்த அச்சொல் நாளடைவில் திரிந்து குதிரையாயிற்று என விளக்கம் கூறுவாரும் உளர். எவ்விளக்கத்தைக் கொண்டாலும் பழமொழியின் உயிர் 'நம்பி' என்னும் சொல்லிலேயே நிற்கிறது. குதிரை பற்றிய தமிழ்ச் சிந்தனை தொடக்கமுதலே நம்பிக்கை பற்றிய சிந்தனையாகவும் இருந்து வந்துள்ளது. எந்தக் குதிரையை நம்புவது என்பது ஒரு வினா. குதிரையைப் பற்றிச் சொல்வோருள் எவரை நம்புவது என்பது அதனினும் பெரிய வினா.

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் வழியாக நெய்வேலி நோக்கிச் செல்லும் வட்டாரம் முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர் பெற்றது. அதற்கப்பால் பழுப்பு நிலக்கரி மண்ணுக்கடியில் கிடக்கிறது. இந்நடுநாட்டுச் சிற்றூர்களின் எல்லைகளில் அய்யனாரின் குதிரைகள் நிற்கின்றன. சில சுடுமண்ணால் ஆனவை. சில பிற்காலத்தில் சிமெண்டால் எழுப்பப்பட்டவை. நள்ளிரவில் அவை எழுந்து ஊரைச் சுற்றி வருகின்றன என்பது மக்களின் நம்பிக்கை. ஆனால் அக்குதிரை என்ன நினைக்கிறது என எவரும் கேட்பதில்லை. உயிருள்ள குதிரையின் நிலை வேறு. அதற்கு நோவு உண்டு, அச்சம் உண்டு, சொல்ல வாய் இல்லை. எனவே அதற்காகப் பேசுகிறேன் என ஒருவர் முன்வருகிறார். அவர் தேர்ப்பாகராக இருக்கலாம், வணிகராக இருக்கலாம், நூல் கற்றவராக இருக்கலாம், மருத்துவராக இருக்கலாம். நிழற்படம் ஒன்றைப் பார்த்தே குதிரையின் உள்ளத்தைப் படித்துவிட்டதாகக் கூறும் இக்காலத்து 'விலங்குமொழி' வல்லுநராகவும் இருக்கலாம். இவர்களுள் நம்பத்தக்கவர் யார் என்னும் வினாவைத் தமிழக வரலாறு பலமுறை எதிர்கொண்டுள்ளது.

பாகனும் புலவனும்

சங்க இலக்கியத்தில் குதிரையோடு மிக நெருங்கி நிற்பவன் அரசனல்லன், பாகனே. முல்லைத்திணைப் பாடல்களில் வினை முடித்து மீளும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடமே வேண்டுகிறான். ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதியில் 'தேர் வியங்கொண்ட பத்து' என ஒரு பத்தே இதற்கென அமைந்துள்ளது. விரைவை விரும்புவது தலைவனின் உள்ளம். அவ்விரைவு எவ்வளவு இயலும் என்பதை அறிவது பாகனின் கை. கடிவாளத்தின் ஒரு முனையில் குதிரையின் வாய் இருக்க, மறுமுனையில் இருக்கும் கையே அவ்வாயின் சொல்லை முதலில் கேட்கிறது. அகநானூற்றின் நான்காம் பாடலில், மலரில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிக் கலையக்கூடாதெனத் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான் ஒரு தலைவன். பிற உயிரின் நலத்தைக் கருதித் தன் ஓசையை அடக்கிக்கொள்ளும் இப்பண்பே, வாயில்லா உயிர்களின் மொழியைக் கேட்பதற்கு முதற்படி எனலாம்.

புறப்பாடல்களில் 'குதிரை மறம்' எனத் தனித்துறையே உண்டு. எருமை வெளியனார் பாடிய புறநானூற்று 273ஆம் பாடல் அத்துறையைச் சார்ந்தது. போருக்குச் சென்ற பிறர் குதிரைகள் எல்லாம் மீண்டுவிட்டன. தன் கணவன் ஊர்ந்து சென்ற குதிரை மட்டும் வரவில்லை என ஒருத்தி புலம்புகிறாள். அங்கே தூதுவன் இல்லை, ஓலை இல்லை. குதிரையின் வருகையே செய்தி. அது வாராமையும் செய்தி. அச்செய்தியைத் திரிப்பதற்கு இடையில் எவரும் இல்லை என்பது நோக்கத்தக்கது.

பொன்முடியார் பாடிய 299ஆம் பாடல் இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர் மன்னனின் குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று தளர்நடை பயின்றது. பெருவேந்தரின் குதிரைகளோ நெய் பெய்த உணவு உண்டு, பிடரிமயிர் கத்தரிக்கப்பெற்று, மாலை அணிந்து நின்றவை. போர் வந்தபோது எளிய குதிரை கடலைக் கிழிக்கும் தோணிபோலப் படையைப் பிளந்து சென்றது. நெய்யுண்ட குதிரைகளோ ஒதுங்கி நின்றன. அவற்றின் ஒதுக்கத்திற்குப் புலவர் காட்டும் உவமை, முருகன் கோயிலில் கலங்களைத் தொடாது விலகி நிற்கும் மகளிரின் நிலையாகும். ஊட்டம் என்று அரசர் கருதியது குதிரைக்கு ஊட்டமாயிற்றா என்னும் ஐயத்தை இப்பாடல் எழுப்பிவிடுகிறது. குதிரையின் சார்பாகப் புலவர் ஒரு சொல்லும் புனைந்துரைக்கவில்லை. அது தின்றதையும் நடந்ததையும் நின்றதையும் மட்டுமே கூறினார். ஆயினும் குதிரை பேசிவிட்டது.

கடல்வழி வந்த பரிகள்

குதிரை தமிழகத்து வெப்பத்தில் இயல்பாகப் பெருகும் விலங்கன்று. ஆதலால் அது பெரும்பாலும் கடல் கடந்தே வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் காலத்தில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பாண்டியர் பேரரசு ஓங்கிய 13ஆம் நூற்றாண்டில் இவ்வணிகம் உச்சத்தை எட்டியது.

1292ஆம் ஆண்டளவில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதியுள்ள செய்தி வியப்பும் வருத்தமும் ஒருங்கே தருவது. இந்நாட்டு அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான். அவனுடைய உடன்பிறந்த அரசரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆயினும் ஆண்டு முடிவில் நூறு குதிரைகளும் எஞ்சுவதில்லை என்கிறார் அவர். குதிரைகளுக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் தரப்பட்டன என்றும், குதிரையைப் பேணும் முறை இங்கே எவருக்கும் தெரியவில்லை என்றும் குறிப்பிடுகிறார். இவற்றினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. குதிரைகளைக் கொண்டுவந்த வணிகர்கள் லாடமடித்து நோய் தீர்க்கவல்ல குதிரை மருத்துவரைத் தம்முடன் அழைத்து வரவில்லை. வேறெவரும் வருவதையும் தடுத்தனர். குதிரைகள் மடிந்தால்தான் அடுத்த ஆண்டும் வணிகம் நடக்கும் என்பதே அதற்குக் காரணம்.

பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் கூறுவதும் இதனோடு ஒத்துச் செல்கிறது. பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் பாண்டிய நாட்டுக் காயல் முதலிய துறைகளில் வந்திறங்கின. கீசுத் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் தம் குதிரைகளில் 1,400ஐ ஆண்டுதோறும் அனுப்ப உடன்பாடு செய்துகொண்டார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை. வழியில் இறந்த குதிரைக்கும் அதே விலை அரசின் கருவூலத்திலிருந்து தரப்பட்டது. கரையேறிய குதிரைகளுக்கு வறுத்த தானியத்தை நெய்யிற் கலந்து ஊட்டி, காய்ச்சிய பசும்பாலைப் புகட்டி, நாற்பது நாள் முளைகளில் கட்டிவைத்துப் பின்னர்ப் பயிற்சியின்றி அவற்றின்மேல் ஏறினர் என்றும், வலிமையும் விரைவும் மிக்க குதிரைகள் சின்னாளில் தளர்ந்து பயனற்றுப் போயின என்றும் வசாப் எழுதுகிறார். நெய்யுண்டு ஒதுங்கி நின்ற குதிரைகளைப் பொன்முடியார் பாடி ஓராயிரம் ஆண்டுக்கு மேல் கழிந்த பின்னர், வேற்று நாட்டார் ஒருவர் அதே நெய்யையும் அதே தளர்ச்சியையும் கண்டு எழுதியிருப்பது சிந்திக்கத்தக்கது.

போலோவும் வசாபும் அயலார். பாண்டியனின் லாயத்தில் இரவும் பகலும் உழைத்த குதிரைக்காரரின் சொல் அவர்தம் நூல்களில் இல்லை. வெப்பமும் ஈரக்காற்றும் புதிய தீவனமும் குதிரைகளைக் கொன்றதில் எவ்வளவு பங்கு கொண்டன என்பதை அவர்கள் நிறுத்துப் பார்க்கவும் இல்லை. ஆதலால் அவர்களின் கூற்றை முழுதும் அவ்வாறே ஏற்கவேண்டியதில்லை. எனினும் அவர்கள் காட்டும் வணிக அமைப்பு மெய்ம்மையின் ஒரு கூற்றை வெளிச்சமிடுகிறது. குதிரையைப் பற்றி மிகுதியாக அறிந்திருந்தவர் வணிகரே. அவருக்கே உண்மையைச் சொல்லாமலிருப்பதில் ஊதியம் இருந்தது. அறிவு மட்டும் ஒருவரை நம்பத்தக்கவராக்கிவிடாது. அவர் வாய்திறப்பதால் அவருக்கு வருவது என்ன, வாய்மூடுவதால் வருவது என்ன என்பதையும் பார்த்தல் வேண்டும்.

விசயநகரக் காலத்திலும் இதே வணிகம் தொடர்ந்தது. 16ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசிய வணிகர் நூனிசு தரும் குறிப்பின்படி, சாளுவ நரசிம்மர் உயிருள்ள குதிரையானாலும் இறந்த குதிரையானாலும் விலை கொடுத்தார். கடலில் இறந்த குதிரைக்கு அதன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். குதிரையின் முழு வாழ்வுக்கும் சான்றாக எஞ்சியது ஒரு வால். அது எவ்வாறு இறந்தது, எந்த நோவில் இறந்தது என்பதை அவ்வால் சொல்லாது; சொல்ல வேண்டும் என எவரும் கேட்கவும் இல்லை.

நரியும் பரியும்

இவ்வணிக உலகின் அச்சமே திருவாதவூரர் வரலாற்றில் ஒரு புராண வடிவம் கொண்டது எனக் கருத இடமுண்டு. பாண்டியனின் அமைச்சராகிய வாதவூரர் குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் குதிரை வணிகனாக மதுரைக்கு வந்தான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது நரி பரியாக்கிய படலம் எனவும், அடுத்து வருவது பரி நரியாக்கிய படலம் எனவும் பெயர் பெறும். குதிரைகளைக் கண்டு அரசன் மகிழ்ந்தான். கயிறு மாற்றிக் கொள்ளும் சடங்கும் முடிந்தது. கயிறு கைமாறிய பின் விற்றவருக்குப் பொறுப்பில்லை என்பது வணிக வழக்கு. இரவில் பரிகள் மீண்டும் நரிகளாகிப் பழைய குதிரைகளைக் கடித்துக் குதறி ஓடின. வாதவூரர் வைகையின் சுடுமணலில் நிறுத்தப்பட்டார்.

அடியவர்க்கு இக்கதை இறையருளின் விளையாட்டு. வரலாற்று நோக்கினர்க்கோ, வாங்குவோன் பார்வை எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதற்கு இது நல்ல சான்று. பரியைப் பரி என்று சொன்னவர் சொல்லையும் தம் கண்ணையும் அரசர் நம்பினார். லாயத்தில் முன்பே கட்டியிருந்த குதிரைகளே தம் உயிரால் அதன் விலையைச் செலுத்தின. குதிரைவீரனைக் குறிக்கும் 'இராவுத்தன்' என்னும் சொல் இவ்வணிகத்தாலும் படையாலும் தமிழில் ஊன்றியது. அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே அச்சொல்லால் அழைத்தார். வாதவூரர் பின்னர் மணிவாசகராகித் தில்லையில் சோதியிற் கலந்தார் என்பது மரபு. நெய்வேலிக்குத் தெற்கே அணித்தே உள்ள அத்தில்லையில், நரி பரியான கதை இன்றும் பக்தர் நாவில் வாழ்கிறது.

சுழியும் நூலும்

அரசர்கள் நம்பத்தக்க குதிரை அறிவைத் தேடாமல் இல்லை. சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வடமொழியில் அசுவ சாத்திரங்கள் வழங்கின. விராடனின் அரண்மனையில் குதிரைப் பணியாளனாக மறைந்து வாழ்ந்தவன் நகுலன் என்பது பாரதக் கதை. அவன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தை வண்ணப் படங்களுடன் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையம் 1952இல் வெளியிட்டது. குதிரையின் நிறம், குரல், நடை, நோய், மருந்து எனப் பலவும் இத்தகு நூல்களில் பேசப்படுகின்றன. அவற்றோடு உடலில் உள்ள மயிர்ச்சுழிகளின் நன்மை தீமைகளும் விரிவாகப் பேசப்படுகின்றன.

சுழி பார்க்கும் வழக்கம் தமிழகத்துச் சந்தைகளில் மாட்டுக்கும் குதிரைக்கும் இன்றுவரை உண்டு. இதில் இரு நூல்கள் ஒன்றாக முறுக்கப்பட்டுக் கிடக்கின்றன. குளம்பைத் தூக்கிப் பார்ப்பதும், பல்லைக் கொண்டு வயதைக் கணிப்பதும், மூச்சைக் கேட்பதும் தலைமுறை தலைமுறையாகச் சோதித்தறிந்த அறிவு. நெற்றிச்சுழி உடையவனுக்குக் கேடு தரும் என்பது குதிரையைப் பற்றிய செய்தியன்று. வாங்குவோனின் அச்சத்தைப் பற்றிய செய்தி. சுழியால் ஒதுக்கப்பட்ட நல்ல குதிரைகள் எத்தனையோ. நூலில் எழுதியிருப்பதனாலேயே எல்லாம் ஒரே தரத்து மெய்யாகிவிடாது.

நளன் கதையில் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. வாகுகன் என்னும் பெயரில் இருதுபன்னனுக்குத் தேரோட்டிய நளன், பார்வைக்கு மெலிந்த குதிரைகளைத் தேர்ந்தெடுத்தான். அரசன் ஐயுற்றான். வாகுகன் அக்குதிரைகளின் சுழிகளைச் சொல்லி விளக்கினான் என்பது வியாச பாரதம். ஆயினும் அரசனின் ஐயத்தைத் தீர்த்தது சுழிகளன்று; ஒரே பகலில் குதிரைகள் கடந்த தொலைவே. நளன் அறிந்திருந்த கலைக்குக் குதிரையின் உள்ளத்தை அறிதல் என்று பெயர். தேரொலி நகருக்குள் வந்தபோது அதைக் கேட்டே தமயந்தி ஓட்டுபவன் யார் என ஐயுற்றாள். குதிரையை அறிந்தவனின் அறிவு அவன் பேச்சில் வெளிப்படவில்லை. குதிரையின் ஓட்டத்தில் வெளிப்பட்டது.

செஞ்சியின் குதிரை

நடுநாட்டாரின் நெஞ்சில் நீங்காது நிற்கும் குதிரை தேசிங்குராசனின் குதிரை. அவுரங்கசீப்பிடமிருந்து செஞ்சியைப் பெற்ற பந்தேலர் சொரூப்சிங் 1714இல் இறந்தார். அவர் மகன் தேசிங்கு ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானுக்குக் கப்பம் கட்ட மறுத்தார். 1714 அக்டோபர் 3ஆம் நாள் நடந்த போரில் அவர் வீழ்ந்தபோது வயது இருபத்திரண்டு அளவே. ஆண்ட காலம் சில திங்கள். மக்கள் பாட்டில் வாழும் காலம் முந்நூறு ஆண்டு.

கதைப்பாடல் கூறும் செய்தி இது. தில்லி பாதுசாவிடம் எவருக்கும் அடங்காத குதிரை ஒன்று இருந்தது. அதை அடக்க முயன்று தோற்ற தந்தை சிறைப்பட்டார். இளைஞன் தேசிங்கு தில்லி சென்று அக்குதிரையில் ஏறினான். அது அவனுக்கு அடங்கிற்று. பாராசாரி என அக்குதிரைக்கும், நீலவேணி எனத் தோழன் மோவுத்துக்காரனின் குதிரைக்கும் பெயர் சொல்வர். வரலாற்று ஆவணங்கள் தில்லிப் பயணத்தை உறுதி செய்வதில்லை. ஆயினும் மக்கள் ஏன் இவ்வாறு பாடினர் என்பது கருதத்தக்கது. அதிகாரத்துக்கு அடங்காத உயிர் தன்னை அறிந்தவனுக்கு மட்டுமே அடங்கும் என்பதே அப்பாட்டின் உட்பொருள். போருக்குமுன் சிங்கவரத்து அரங்கநாதரிடம் விடை கேட்டபோது இறைவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும், தேசிங்கு அதனைப் பொருட்படுத்தவில்லை என்றும் கதை தொடர்கிறது. தெய்வத்தின் குறிப்பினும் தன் குதிரையை அவர் நம்பினார். குதிரையும் அவரை நம்பியது. அந்நம்பிக்கை அதனை எங்குக் கொண்டு சென்றது என்பதையும் மறத்தலாகாது. குதிரையின் மொழி அறிந்தவர் என்பதனால் மட்டும் ஒருவர் குதிரையின் நலம் கருதுபவர் ஆகிவிடுவதில்லை.

தலையாட்டும் மாடும் பெர்லின் குதிரையும்

அலங்கரித்த மாட்டுடன் வீதியில் வரும் பூம்பூம் மாட்டுக்காரரைத் தமிழகம் நன்கு அறியும். நல்ல காலம் வருமா என்று கேட்டால் மாடு தலையை அசைக்கும். வீட்டார் மகிழ்ந்து நெல்லோ துணியோ ஈவர். மாடு எதிர்காலம் அறியாது என்பது வீட்டாருக்கும் தெரியும், மாட்டுக்காரருக்கும் தெரியும். அது வாழ்த்தைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு வழக்கம். அதில் வஞ்சனை பெரிதாக இல்லை.

இதே தலையசைப்பு ஐரோப்பாவில் அறிவியலின் பெருஞ்சிக்கலாயிற்று. பெர்லின் நகரில் வில்கெல்ம் வான் ஓஸ்டன் என்னும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஹான்ஸ் என்னும் குதிரைக்குப் பல ஆண்டுகள் கணக்குக் கற்பித்தார். கூட்டல், கழித்தல், நாட்காட்டி எனக் கேட்ட வினாக்களுக்கெல்லாம் அது குளம்பால் தட்டி விடை தந்தது. 1904இல் கார்ல் ஸ்டும்ப் தலைமையிலான அறிஞர் குழு ஆராய்ந்து, இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்றது. பின்னர் ஆஸ்கர் ப்புங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் வினாவை மாற்றினார். விடை தெரியாத ஒருவர் கேட்டால் என்ன ஆகும்? கேட்பவரைக் குதிரை பார்க்க இயலாதபடி செய்தால் என்ன ஆகும்? இரு நிலையிலும் ஹான்ஸ் தோற்றது. கேட்பவர் தம்மையறியாமல் தலையை மிகச் சிறிதளவு நிமிர்த்தும் கணத்தில் அது தட்டுவதை நிறுத்தியது என்பதே கண்டறியப்பட்ட உண்மை. 1907இல் அவ்வாய்வு நூலாக வந்தது. அசைவின் மறைவை அறிந்த பின்னரும் அதனை அடக்கத் தம்மாலேயே முழுதும் இயலவில்லை எனப் ப்புங்ஸ்ட் கண்டார்.

இவ்வாய்வின் பாடம் இருமுகமுடையது. குதிரை கணக்கறியாது என்பது ஒன்று. அது மனித உடலை மனிதரினும் நுண்மையாகப் படிக்கிறது என்பது மற்றொன்று. வான் ஓஸ்டன் வஞ்சகர் அல்லர். தம் குதிரையை மனமார நம்பியவர். நேர்மையுடையவரே தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளலாம் என்பதே இதில் அச்சந்தரும் உண்மை. இன்று விலங்கின் உள்ளத்தைத் தொலைவிலிருந்தே கேட்பதாகக் கூறுவோருள்ளும் இத்தகைய நேர்மையாளர் பலர் இருக்கலாம். உடையவரின் குரலிலும் வினாவிலும் முகத்திலும் தெரிவதையே, குதிரை சொன்னதாக அவர் திருப்பிச் சொல்லிவிடக்கூடும். உடையவரும் வியந்து போவார். விடையறிந்தவர் அருகில் இல்லாதபோதும் அவர் சொல் பலிக்கிறதா என்பதே உரைகல்.

நாழிகை கடந்தால்

இவ்வினா வெறும் அறிவு விளையாட்டன்று. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. வயிற்றுளைச்சல் கண்ட குதிரை மண்ணைக் காலால் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், வியர்த்து உருளும். குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்திலேயே அது இறந்துபடும். அந்நேரத்தில், கன்றாக இருந்தபோது தாயைப் பிரிந்த துயரத்தில் இருக்கிறது என்று ஒருவர் ஆறுதல் கூறிக்கொண்டிருந்தால், அவ்வாறுதல் உடையவருக்கு இனிக்கும். குதிரைக்கு அதுவே முடிவாகும். பாண்டியன் கரையில் மருத்துவரை வரவிடாமல் தடுத்தது பேராசை. இங்கே தடுப்பது அன்பின் வடிவில் வரும் காலத்தாழ்வு. குதிரைக்கு நேர்வது ஒன்றே.

போலோ இல்லையென்று சொன்ன குதிரை மருத்துவம் நிறுவனமாகத் தமிழகத்தில் வேரூன்ற அறுநூறு ஆண்டுகள் ஆயின. 1903 அக்டோபர் 1ஆம் நாள் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி சைதாப்பேட்டையில் ஒரு சிறு கட்டடத்தில் தொடங்கப்பெற்றது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாயிற்று. மருத்துவம் ஒருபுறம் வளர, வாயில்லா உயிர்களுக்காக நாடாளுமன்றத்தில் வாயானவர் கலாசேத்திரம் கண்ட ருக்மிணிதேவி அருண்டேல். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக அவர் கொண்டுவந்த தனி மசோதாவின் பயனாக 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அவரே தலைவரானார். விலங்கின் எண்ணங்களைத் தாம் கேட்டதாக உரிமை கொண்டாடாமல், அதன் வலியைச் சட்டத்தின் மொழியில் எழுதுவித்தார்.

அண்மைக்கால ஆய்வுகளும் இவ்வழியிலேயே செல்கின்றன. 2014இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் குதிரையின் முகத்தில் வலி எழுதும் எழுத்துகளை வரிசைப்படுத்தினர். பின்னோக்கி விறைத்த காது, சுருங்கிய கண், கண்ணுக்கு மேலே தோன்றும் இறுக்கம், தாடைத் தசையின் விறைப்பு, இறுகிய வாய், விரிந்து திரிந்த மூக்குத்துளை ஆகிய ஆறும் அவை. 2016இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 23 குதிரைகளுக்கு மூன்று குறிப்பலகைகளைக் கற்பித்தனர். போர்வை வேண்டும், போர்வை வேண்டா, இருப்பதே போதும் என்பன அவற்றின் பொருள். குளிரிலும் மழையிலும் போர்வையைக் கேட்ட குதிரைகள், வெயிலில் அதனைக் களையச் சொல்லின. உண்மையாகவே குதிரை சொன்ன சொல் இது. அது சிறியது; எளியது; எவரும் மீண்டும் சோதிக்கத்தக்கது. பெரிய தத்துவம் எதையும் அக்குதிரைகள் பேசவில்லை. குளிர்கிறது என்றன.

'போல' என்னும் நேர்மை

பாண்டியன் கடற்கரையில் குதிரைகள் மடிந்துகொண்டிருந்த அதே 13ஆம் நூற்றாண்டில்தான் பவணந்தியாரின் நன்னூலும் தோன்றியது. அஃறிணைப் பொருள்களைக் கேட்பன போலவும் பேசுவன போலவும் கூறுதல் வழக்கே என அந்நூல் இலக்கணம் வகுத்தது. மேகத்தைத் தூது விடுவதும், கிளியோடு உரையாடுவதும், குதிரையை விளித்துப் புலம்புவதும் புலவர்க்கு அவ்வகையில் உரிமையாயின. ஆனால் பவணந்தியார் அவ்வுரிமையை ஒரு சொல்லோடு சேர்த்தே அளித்தார். அது 'போல' என்பது. கவிஞர் குதிரையைப் பேசவைக்கிறார், தாமே பேசவைப்பதை அவர் அறிவார், கேட்போரும் அறிவர். அச்சொல்லை நீக்கிவிட்டுக் குதிரையே சொன்னது என்று உரைக்கும் கணத்தில் கவிதை குறியாகிவிடுகிறது. குறிக்குக் கூலியும் வந்துவிடுகிறது.

மேற்கண்ட வரலாறு குதிரைக்காகப் பேசுவோரை அளக்கச் சில அளவுகோல்களைத் தருகிறது. குதிரையின் நோவால் ஊதியம் பெறாதவராக அவர் இருத்தல் வேண்டும். காயல்துறை வணிகர் கற்பித்த பாடம் இது. உடையவர் அறியாததைச் சொல்லி, அது சோதனையில் நிற்றல் வேண்டும். பெர்லின் குதிரை கற்பித்த பாடம் இது. தம் சொல்லை மருத்துவரின் கைக்கு முன்னே நிறுத்தாமல் பின்னே நிறுத்துதல் வேண்டும். குதிரையின் நலத்தைத் தம் வீரத்துக்கும் புகழுக்கும் மேலாக எண்ணுதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாம் கண்டது எது, கருதுவது எது எனப் பிரித்துச் சொல்லும் நாணயம் வேண்டும். இவ்வளவும் உடையவர் பெரும்பாலும் பெயர் பெற்ற வல்லுநராக இருப்பதில்லை. நாள்தோறும் கொள்ளு வைத்து, குளம்பு துடைத்து, இரவில் எழுந்து லாயத்தை எட்டிப் பார்க்கும் பணியாளராக இருக்கிறார். நேற்றுத் தின்றதை இன்று தின்னவில்லை என்னும் அவருடைய ஒரு வரி, ஆயிரம் குறிமொழிகளினும் நம்பத்தக்கது. பொன்முடியாரின் பாட்டும் அத்தகைய ஒரு வரியே.

அய்யனாருக்கு மண்குதிரை செய்யும் வேளார் எல்லா உறுப்பும் முடித்த பின்னரே கண்ணைத் திறக்கிறார். கண் திறக்கும் வரை அது மண். திறந்த பின் தெய்வத்தின் ஊர்தி. வாய் திறக்கும் சடங்கு எதுவும் அதற்கு இல்லை. குதிரை பார்க்கும், பேசாது. பேசும் கடமை பார்ப்பவர்க்கு உரியது. பத்தாண்டாகச் சொல்லைப் பயின்று வரும் கவிஞர் கூட்டத்துக்கு இம்மண்குதிரையின் மௌனம் ஒரு நினைவூட்டல். வாயில்லாதவற்றுக்கு வாயாக நிற்பது கவிதையின் பழைய அறம். முதலில் நெடுநேரம் பார்ப்பதும், பின்னர்க் கண்டதை மட்டும் கூறுவதும், காணாததைப் 'போல' என்று சொல்லி நிறுத்துவதும் அவ்வறத்தின் நெறி. அந்நெறியில் நிற்பவரை நம்பி ஆற்றில் இறங்கலாம்.